உடம்பைச் சரிசெய்ய வேண்டுமா? முதலில் வேலை நாளைப் பாருங்கள்

உடற்பயிற்சியையும் சாப்பாட்டையும் ஒழுங்குபடுத்த நினைக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் தொடங்கும் இடமே தப்பு. திங்கட்கிழமையில் இருந்து விடியற்காலை எழுந்து ஓடுவேன், இனிப்பைத் தொடவே மாட்டேன் என்று ஒரு சபதம். செவ்வாய் வரை நன்றாகப் போகும். புதன்கிழமை வேலை இழுத்துக்கொண்டு ராத்திரி ஒன்பது மணி ஆகிவிடும், வியாழன் காலையில் அலாரம் அடிக்க அடிக்கத் தூங்கிவிடுவார்கள், வெள்ளி சாயங்காலம் பசியும் சோர்வும் சேர்ந்து கைக்குக் கிடைத்ததை எல்லாம் சாப்பிட வைக்கும், சனிக்கிழமை உட்கார்ந்து "எனக்கு மன உறுதியே கிடையாது" என்று தன்னையே திட்டிக்கொள்வார்கள். மன உறுதியில் கோளாறு எதுவும் இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதியை வேலை எடுத்துக்கொள்கிறது. எத்தனை மணிக்குத் தூங்குவது, எப்போது சாப்பிடுவது, எத்தனை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது, எல்லாவற்றையும் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது. அதில் கை வைக்காமல் மற்ற இரண்டையும் மாற்றப் பார்த்தால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது.

அதனால் இந்த வழிகாட்டி வேலையில் இருந்து தொடங்குகிறது. வேலை என்றால் சம்பள வேலை மட்டும் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்வது, சின்னக் குழந்தையையோ முடியாதவரையோ கவனித்துக்கொள்வது, பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் இதில் அடக்கம்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

ஒரு தாளை எடுத்து நாலே விஷயம் எழுதுங்கள்: தூங்கிய நேரமும் எழுந்த நேரமும், வேலை தொடங்கிய நேரமும் உண்மையிலேயே முடிந்த நேரமும் (ராத்திரி படுக்கையில் கிடந்தபடி பதில் போட்ட மெசேஜும் வேலைதான், அதையும் சேருங்கள்), எப்போது சாப்பிட்டீர்கள், அந்த நாளில் உடம்பு எப்போது நன்றாக இருந்தது, எப்போது துவண்டது. கலோரிக் கணக்கு வேண்டாம், எடையும் பார்க்க வேண்டாம். ஏழு நாள் முடிந்ததும் தாளை எடுத்துப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு கிடப்பது தெரியும். பலருக்கு அது இப்படி இருக்கும்: காலையில் அவசரத்தில் டீ மட்டும், மதிய சாப்பாடு ஒரு மீட்டிங்கால் இரண்டரைக்குத் தள்ளிப்போகிறது, அதுவும் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி நாலு வாய், ஐந்து மணிக்குக் கை தானாகவே பிஸ்கட் பாக்கெட்டைத் தேடுகிறது, தெம்புக்கு ஒரு காபி, அந்தக் காபியால் ராத்திரி பன்னிரண்டு வரை தூக்கம் வரவில்லை, மறுநாள் காலை எழ முடியவில்லை, மறுபடியும் டீ மட்டும். இதில் பிஸ்கட்டைக் குறை சொல்லி என்ன பயன்? பிரச்சினை அந்த மதிய மீட்டிங்கில் இருக்கிறது. பிஸ்கட்டை நிறுத்துவதைவிட மீட்டிங்கை அரை மணி நேரம் நகர்த்தச் சொல்லிக் கேட்பது சுலபம், பலனும் அதிகம்.

இந்தத் தாள் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள் என்று நான் கண்டிப்பாகவே சொல்வேன். உங்கள் நாளின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியாமல் மற்றவர்களின் அட்டவணையைப் பின்பற்றினால் அது உங்கள் மேல் பொருந்தாது.

வேலைக்கு ஒரு முடிவு நேரம்

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் தாளில் உள்ள மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். 55-ஐத் தாண்டுகிறது என்றால் எந்த டயட்டையும் யோசிப்பதற்கு முன்னால் அதைத்தான் யோசிக்க வேண்டும்.

மணி நேரத்தைக் குறைப்பது எல்லோர் கையிலும் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் வேலை முடிந்த பிறகும் மனசு அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பதைக் குறைக்கலாம். வேலை நேரத்துக்குப் பிறகு மனசால் வேலையை விட்டு விலகுகிறவர்களுக்குச் சோர்வு குறைவு, தூக்கம் நன்றாக இருக்கிறது என்பதை சபீனே சோனென்டாக் என்ற ஜெர்மன் உளவியலாளரும் அவரைத் தொடர்ந்து பலரும் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வேலை நாளின் கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக எதையும் தொடாதீர்கள். முடியாமல் கிடப்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். "அறிக்கை முடிக்கணும்" என்று எழுதினால் அது ராத்திரி முழுக்க மண்டைக்குள் ஓடும். "அறிக்கையில் மூன்றாவது பகுதிக்கு எண்களை வாங்கணும், காலையில் முதல் போன்" என்று எழுதினால் மூளை அதை விட்டுவிடும். அப்புறம் வேலை சம்பந்தப்பட்ட ஆப்களின் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். அவசரம் என்றால் போன் பண்ணச் சொல்லுங்கள். உண்மையான அவசரங்கள் எவ்வளவு குறைவு என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. வேலைப் பளு மட்டும் ஆளைத் தின்பதில்லை, பளு அதிகமாகவும் அதன் மேல் நமக்குப் பிடி குறைவாகவும் இருக்கும்போதுதான் உடம்பு அதிகம் கெடுகிறது என்று ராபர்ட் காராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை வைத்து 1985-ல் மைக்கேல் மார்மட் தலைமையில் தொடங்கி ஆண்டுக்கணக்காக நடந்த ஆய்வும் இதற்குப் பக்கபலமாகவே இருந்தது: தன் வேலையில் முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகமாக வந்தது. ஆகவே மேலதிகாரியிடம் பேசும்போது "வேலை ரொம்ப அதிகமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "இந்த மூன்று வேலையில் எதை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம், நீங்களே சொல்லுங்கள்", "காலை பத்து வரை என்னை மீட்டிங்கில் சேர்க்காமல் இருந்தால் இதை மதியத்துக்குள் முடித்துவிடுவேன்" என்று குறிப்பாகக் கேளுங்கள். எந்த வரிசையில் செய்வது, எப்போது இடைவேளை எடுப்பது மாதிரியான சின்னப் பிடி கிடைத்தாலும் நாள் முடிவில் உடம்பு இவ்வளவு அடிபட்டுப் போவதில்லை.

வேலையே இல்லாமல் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற ஊரில் ஆலை மூடியபிறகு மரீ யஹோடா என்ற சமூக உளவியலாளரும் கூட்டாளிகளும் அங்கே போய்ப் பார்த்தார்கள். நேரம் ஏராளமாகக் கிடைத்த மக்கள் அதிகம் படிக்கவில்லை, நூலகத்தில் இருந்து புத்தகம் எடுப்பது முன்பு இருந்ததில் பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் நடக்கும் வேகம்கூடக் குறைந்திருந்தது. வேலை தேடிக்கொண்டிருந்தாலும் ஓய்வு பெற்றிருந்தாலும் எழும் நேரம், வெளியே போகும் நேரம், யாரையாவது பார்க்கும் நேரம் மூன்றையும் நீங்களே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நாளுக்கு ஒரு எலும்புக்கூடு வேண்டும்.

தூக்கத்தை இரண்டு பத்தியில் முடித்துவிடுகிறேன்

பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம். இது சோம்பேறித்தனமும் இல்லை, வசதியானவர்களுக்கு மட்டுமான விஷயமும் இல்லை. 2004-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவு வெறும் 4 மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறியது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் இறங்கியது, இனிப்பும் மாவுப் பண்டமும் உப்புத் தின்பண்டமும் வேண்டும் என்ற ஆசை கூடியது. இரண்டே இரவில் இது. தூக்கம் கெட்ட வாரத்தில் டயட் தொடங்குவது வெறும் வயிற்றோடு கடைக்குப் போவது மாதிரி, நிச்சயம் தோற்கும்.

காபியின் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் குடித்த அதிக அளவு காஃபீன்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைக் குறைத்ததாக 2013-ல் ஒரு ஆய்வு காட்டியது. மதிய சாப்பாட்டுக்குப் பிறகு காபியும் ஸ்ட்ராங்கான டீயும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் பலருக்குப் போதும். டென்ஷன் தீர ராத்திரி மது குடிக்கிறவர்கள் கவனியுங்கள்: அது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தை உடைத்துப்போடும்.

உடற்பயிற்சி: எதற்கு, எவ்வளவு, எப்போது

அசைவு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உலகம் முதலில் கவனித்தது ஒரு பஸ்ஸில்தான். ஜெர்ரி மோரிஸும் அவரது குழுவும் 1953-ல் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஒப்பிட்டார்கள். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்த எழுத்தர்களையும் நடந்து கடிதம் கொண்டுபோன தபால்காரர்களையும் ஒப்பிட்டபோதும் அதே மாதிரிதான். ஓட்டுநர்கள் ஏற்கெனவே கொஞ்சம் பருமனாக இருந்தார்களா என்ற கேள்வியைப் பின்னால் மோரிஸே எடுத்து ஆராய்ந்தார், உடல்வாகு ஓரளவுக்குக் காரணம்தான், ஆனால் அது மட்டும் காரணம் இல்லை.

இன்றைய பரிந்துரை, உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான அசைவு, கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. மிதமானது என்றால் என்ன என்று கேட்டால், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ள கடிகாரமோ மீட்டரோ தேவையில்லை. நாளுக்கு 10,000 காலடி நடந்தே ஆக வேண்டும் என்று பலர் மனசை வருத்திக்கொள்கிறார்கள். அந்த எண் 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் (காலடிகளை எண்ணும் கருவி) பெயரில் இருந்து பரவியது, மருத்துவக் கணக்கில் இருந்து வந்தது இல்லை. வயதான பெண்களை வைத்து 2019-ல் ஐ-மின் லீ குழு வெளியிட்ட ஆய்வில் நாளுக்கு 4,400 காலடி நடந்தவர்களுக்கே 2,700 காலடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. சுமார் 7,500 காலடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

இப்போது அந்தத் தாளை எடுங்கள். நடையைத் தனி நேரத்தில் வைக்காதீர்கள், ஏற்கெனவே இருக்கிற ஒன்றின் ஓரத்தில் ஒட்டுங்கள். எனக்குத் தெரிந்து நன்றாக நிற்பது சாப்பாட்டுக்குப் பிறகான நடைதான். மதியம் சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், மூன்று மணிக்கு வரும் கண் சொக்கலும் குறையும். போன் பேசும்போது நின்றுகொண்டோ நடந்துகொண்டோ பேசுங்கள். வேலையில் இருந்து வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்காராதீர்கள்; இது ரொம்ப முக்கியம். உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, போனை எடுத்து "ஐந்து நிமிடம்" என்று நினைத்தால் நிமிர்ந்து பார்க்கும்போது முக்கால் மணி நேரம் போயிருக்கும், அதற்குப் பிறகு யாரும் வெளியே கிளம்ப மாட்டார்கள். பையை வாசலில் வைத்த கையோடு திரும்பி நடங்கள்.

நாள் முழுக்க உட்கார்ந்தே ஆக வேண்டிய வேலையா? 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலைத் திரட்டி 2016-ல் வெளியான ஒரு ஆய்வில், நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் மிதமாக அசைகிறவர்களுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் இறப்பு ஆபத்து மறைந்துவிட்டதாகத் தெரிந்தது. அவ்வளவு முடியாவிட்டாலும் அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருங்கள், தண்ணீர் பாட்டிலைச் சின்னதாக வைத்துக்கொண்டால் தானாகவே எழ வேண்டிவரும்.

தசைக்கான பயிற்சிக்கு ஜிம் வேண்டியதில்லை, ஒரு உறுதியான நாற்காலி போதும். அதைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்கக் கூடாது. முன் விளிம்புக்கு வந்து உட்கார்ந்து, பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து, குதிகாலை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, குதிகாலை அழுத்தி எழுந்திருங்கள். எழும்போது முழங்கால்கள் உள்பக்கமாக ஒன்றை ஒன்று பார்த்து மடங்கக் கூடாது, கால்விரல் போகும் திசையிலேயே போக வேண்டும். இறங்குவதுதான் உண்மையான பயிற்சி: மனசுக்குள் மூன்று எண்ணியபடி மெதுவாக இறங்குங்கள், தொப்பென்று விழாதீர்கள். எட்டுப் பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு தடவை. கூடவே சுவரில் கையூன்றித் தள்ளும் தண்டால். முப்பது வயதைத் தாண்டினால் தசை மெல்ல மெல்லக் குறைய ஆரம்பிக்கும். வயதானபின் பிறர் கை பிடிக்காமல் எழுந்திருப்பதா இல்லையா என்பதில் இப்போது செய்கிற இந்தப் பயிற்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

"நான் நாள் முழுக்க மூட்டை தூக்குகிறேன், எனக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்று கேட்பவர்களுக்கு: வேலையில் செய்யும் கடும் உடலுழைப்பு, ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சி தரும் அளவுக்கு இதயத்துக்கு நன்மை தருவதாகத் தெரியவில்லை. டென்மார்க் ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் இதைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறார். அவர் தரப்பில் சொல்லும் விளக்கம் நியாயமாகவே படுகிறது: பளு தூக்கும் வேலை மணிக்கணக்காக நீள்கிறது, ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் நாள் முழுக்க ஏறியே இருக்கின்றன, இடையில் ஓய்வு போதாது, வேகத்தை நாம் தீர்மானிப்பதில்லை. அதனால் உங்களுக்கு முதல் மருந்து இடைவேளை, இரண்டாவது தூக்கம். முடிந்தால் வேலையில்லாத நாளில் இருபது நிமிடம் சுறுசுறுப்பாக, பளு இல்லாமல் நடங்கள்.

மனசுக்கும் இது வேலை செய்கிறது. 1999-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழு, மனச்சோர்வு இருந்த 50 வயது தாண்டிய 156 பேரை மூன்றாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு மருந்து, ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, இன்னொன்றுக்கு இரண்டும் கொடுத்தது. 16 வாரம் கழித்து மூன்று பிரிவுமே ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேட்காமல் அதை நிறுத்துவது ஆபத்து. மாத்திரையோடு சேர்த்து நடங்கள்.

சாப்பாடு

பசி வருவதற்கு முன்னால் முடிவு செய்ததுதான் நல்ல சாப்பாடாக அமையும், பசி வந்தபிறகு முடிவு செய்வது அப்படி அமையாது. நாளை மதியம் என்ன, ஐந்து மணிக்கு என்ன என்பதை இன்று ராத்திரி வயிறு நிறைந்திருக்கும்போதே தீர்மானித்து எடுத்துவையுங்கள். ஐந்து மணிப் பசியை மனசால் அடக்கப் பார்க்காதீர்கள், அதற்கு ஒரு பழமோ ஒரு கைப்பிடிக் கொட்டை வகையோ அவித்த பயறோ கொடுங்கள். மதிய சாப்பாடு நேரத்துக்கு நடந்தால் ராத்திரி அதிகம் சாப்பிடுவது தானாகக் குறைவதைப் பார்ப்பீர்கள்.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ இறைச்சியோ, கால் பங்கு தானியம். பழமும் காயும் சேர்த்து நாளுக்கு 400 கிராமாவது, உப்பு 5 கிராமுக்குள். இது போதும், இதற்கு மேல் நுணுக்கம் தேவையில்லை. உண்மையில் குறைக்க வேண்டியது ஆலையில் மிகையாகப் பதப்படுத்தி பாக்கெட்டில் வருவதைத்தான். கெவின் ஹால் குழு 2019-ல் 20 பேரை அமெரிக்க தேசிய சுகாதார மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் இந்த வகைச் சாப்பாடும் இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத சாப்பாடும் கொடுத்தது. முன்னால் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம், வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள், இரண்டு வாரத்தில் சுமார் 0.9 கிலோ ஏறினார்கள். அதே ஆட்கள், அதே மன உறுதி. சாப்பாடு மாறியது, அவ்வளவுதான். ஆகவே அந்தப் பாக்கெட்டுகளை மேசை டிராயரில் வைக்காதீர்கள், எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டிய தூரத்தில் வையுங்கள்.

ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்கள் பெரிய சாப்பாட்டை ஷிப்ட்டுக்கு முன்னால் முடித்துக்கொண்டு நடுஇரவில் லேசாக ஏதாவது சாப்பிடுங்கள். பகலில் தூங்கும் அறையை நன்றாக இருட்டாக்குங்கள், வீட்டில் உள்ளவர்களிடம் அந்த நேரத்தை ராத்திரியாகவே நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரே நேரத்தில் எல்லாம் வேண்டாம்

தாளில் தெரிந்த முடிச்சுகளில் மற்றவற்றையும் இழுத்துவிடும் ஒன்றை மட்டும் எடுங்கள், மூன்று வாரம் அதையே செய்யுங்கள், அப்புறம் அதை விடாமலே அடுத்தது. லண்டனில் பிலிப்பா லாலி குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை. வேலை நெருக்கும் வாரத்துக்கு ஒரு சின்ன வடிவத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்: முப்பது நிமிட நடைக்குப் பதில் ஐந்து நிமிடம், சமையலுக்குப் பதில் முட்டையும் பழமும்.

இத்தனையும் செய்து மூன்று மாதம் ஆகியும் காலையில் வேலையை நினைத்தாலே உடம்பு கனக்கிறது, முன்பு பிடித்த வேலை மேல் வெறுப்பு வந்துவிட்டது, எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்றால் அது வேலையால் வரும் ஆற்றல் வறட்சியாக (பர்ன்அவுட்) இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இந்த மூன்று அடையாளத்தைத்தான் சொல்கிறது, அதைச் சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றும் சொல்கிறது. அங்கே இன்னும் அதிகமாக நடப்பதால் தீராது. வேலையின் அளவோ, இடமோ, ஏன் வேலையேகூட மாற வேண்டும், அதைப் பற்றிக் குடும்பத்தோடு பேசத் தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் காத்திருக்காமல் அன்றைக்கே ஒரு டாக்டரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, மயக்கம் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி கேளுங்கள். இதய நோய், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் ஏற்கெனவே இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் எந்த அளவில் தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.